பாரில் நாளை அலை எப்படி? கொழும்பிலிருந்து போகும் புதியவர்களுக்கு

கொழும்பில் இருந்துகொண்டு அலைச்சறுக்குப் பழகுகிறவருக்கு முதல் வில்லங்கம் தூரம். ஹிக்கடுவையில் வீடு உள்ளவர் காலையில் வாசலுக்கு வந்து கடலைப் பார்ப்பார். சரியில்லையென்றால் திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்வார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர், ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தள்ளி உடையப்போகும் அலையைப் பற்றி முந்தின இரவே முடிவெடுத்தாக வேண்டும். பலகையைச் சுமந்துகொண்டு ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போய் இறங்கிய பிறகு கடல் நுரையும் குழப்பமுமாகக் கிடந்தால், ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அலையையும் காற்றையும் முன்கூட்டிச் சொல்லும் இணையத்தளங்களுக்கும் செயலிகளுக்கும் இன்று குறைவில்லை. அவை அள்ளிக் கொட்டும் எண்களை எந்த வரிசையில் வாசிப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அலையின் உயரத்தையும் பக்கத்திலே தர மதிப்பாக மின்னும் நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறார்கள். மணற்கரையில் இது ஓரளவுக்குச் செல்லும். முருகைக்கற் பாரின், அதாவது கடலடியில் முருகைக்கல் (பவளப்பாறை) படர்ந்த மேட்டின், மேல் உடையும் அலைக்கு இது போதாது. அங்கே நாள் முழுவதும் நன்றாக இருக்கும் கடல் அபூர்வம். ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம், மிஞ்சினால் மூன்று மணித்தியாலம் எல்லாம் ஒத்துவரும். அந்த நேரத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பலகையில் இன்னும் எழுந்து நிற்கவே பழகாதவர் பாருக்குப் போகக்கூடாது. வெலிகமவின் மணல் விரிகுடாவோ, ஹிக்கடுவைக்குத் தெற்கே உள்ள நாரிகம மணற்கரையோ அவருக்குரிய இடம். முன்னறிவிப்பை வாசிக்க மட்டும் இப்போதே பழகலாம்; எண்களை வாசிக்கும் முறை எந்தக் கரைக்கும் ஒன்றுதான்.

முதலில் மாதம்

எந்தச் செயலியையும் திறப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது சோளகம். கொழும்பு, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கத்துக் கரைகளுக்கு இது கடலிலிருந்து முகத்தில் அடிக்கும் காற்று. அந்த மாதங்களில் அலை பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒழுங்கிருக்காது. எங்கே உடையும் என்று அதற்கே தெரியாது. அதே சோளகம் நாட்டைக் குறுக்காகக் கடந்து பொத்துவில் பக்கம் வந்து சேரும்போது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றாகிவிடுகிறது. அறுகம் குடாவுக்கு அந்த மாதங்களில் கூட்டம் கூடுவது இதனால்தான். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் என்பதால் அது வார இறுதிக்கு ஓடிப்போய் வரும் இடமல்ல. விடுமுறை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. இப்போது கணக்குத் தலைகீழாகிறது: மேற்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் காற்று நிலத்தின் பக்கமிருந்து வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை, மிதிகம, வெலிகம, மிரிஸ்ஸ என்று தென்பகுதி உயிர்பெறுகிறது. இதில் மார்ச், ஏப்ரல் மாதங்களை நான் தனியாக வைப்பேன். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் என்பதால் காலையில் காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். பிற்பகலில் இடிமின்னல் திரளும். இடி காதில் விழுந்தால் மழை வரும்வரை காத்திருக்காமல் கரையேறிவிட வேண்டும். கடற்பரப்பில் தலையை நீட்டிக்கொண்டிருப்பது நீங்கள் மட்டுந்தான்.

நான்கைந்து நாட்களுக்கு முன்: ஸ்வெல்

கரையில் நின்று பார்க்கும்போது எல்லாம் ஒரே அலையாகத்தான் தெரியும். உண்மையில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஒன்று, பக்கத்துக் காற்று அப்போதே கிளப்பிவிட்ட குட்டை அலை. மற்றது, எங்கோ தொலைவில் வீசிய புயலில் பிறந்து, அந்தக் காற்றை விட்டு விலகி வந்து சேரும் நீண்ட அலை. சர்ஃப் பழகியவர்கள் ஸ்வெல் என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். பாரில் உடைந்து சறுக்கத் தக்கதாக எழுவது அதுவே.

நமது தென்கரைக்கு வரும் ஸ்வெல்லின் பிறந்த வீடு தெற்கு இந்து சமுத்திரம். தெற்கு அகலக்கோடு 45, 50 பாகைகளுக்கு அப்பால் ஓயாமல் வீசும் மேலைக்காற்றுகள் அங்கே கடலைக் கிளறிவிடுகின்றன. நமக்கும் அதற்கும் இடையே சுமார் 6,000 கிலோமீற்றர். நடுவில் மறிக்கப் பெரிய நிலப்பரப்பு எதுவும் இல்லை. அந்த ஸ்வெல் கொழும்புக் கரையைத் தொட ஐந்து முதல் எட்டு நாள் ஆகலாம். அதனால்தான் ஸ்வெல்லை நான்கைந்து நாள் முன்பே நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது: அது ஏற்கெனவே பிறந்து வழியில் வந்துகொண்டிருக்கிறது.

செயலியில் ஸ்வெல்லுக்கு மூன்று எண்கள் இருக்கும்: உயரம், காலம், திசை. காலத்தை முதலில் பாருங்கள். ஒரு முகடு கடந்துபோய் அடுத்த முகடு வரும்வரையான செக்கன்கள்தான் அது. 6, 7 செக்கன் என்றால் பக்கத்துக் காற்றின் குட்டை அலை. 10 செக்கனுக்கு மேலென்றால் தொலைவிலிருந்து வருகிறது. 14, 16 என்று கண்டால் தெற்குக் கடலிலிருந்து வந்த முதல் தரமான ஸ்வெல்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஆழ்கடலில் அலையின் நீளம் மீற்றரில் எவ்வளவு என்று அறியக் காலத்தை வர்க்கித்து 1.56 ஆல் பெருக்கினால் போதும். 6 செக்கன் அலைக்கு நீளம் ஏறக்குறைய 56 மீற்றர்; 14 செக்கன் அலைக்கு 306 மீற்றர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வரும்போதுதான் அடித்தரையை உணரத் தொடங்குகிறது. குட்டை அலை 28 மீற்றர் ஆழம் வரும்வரை அடியில் என்ன இருக்கிறது என்று கவலைப்படுவதில்லை. 14 செக்கன் அலையோ 150 மீற்றர் ஆழத்திலேயே தரையைத் தொட்டு வேகம் குறைந்து, வளைந்து, பாரின் வடிவத்துக்கேற்பத் திரும்பி எழும்புகிறது. இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடித் தளம், குறுகலானது என்பதால், வழியில் அதிக வலுவை இழக்காமலே கரைக்கு வந்துவிடுகிறது.

இதன் பலன் உயரத்தில் தெரியும். செயலி இரண்டு நாட்களுக்கும் 1 மீற்றர் என்றே காட்டலாம். காலம் 8 செக்கனாக இருந்தால் உடையும்போது அலை ஏறக்குறைய 1.4 மீற்றர், 16 செக்கனாக இருந்தால் 1.9 மீற்றர் வரை போகக்கூடும். நேராக வந்து உடையும் கரைக்கான கணக்கு இது; சரிவாக வளைந்து வரும் இடத்தில் சற்றுக் குறையும். எப்படியானாலும் ‘வெறும் ஒரு மீற்றர்தானே’ என்று இறங்கியவர் தலைக்கு மேல் அலையைக் காண்பது இப்படித்தான்.

இன்னொரு பொறியும் உண்டு. முன்னறிவிப்பில் தரப்படும் உயரம், வருகிற அலைகளில் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரி. தனியாக ஓர் அலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரலாம். எப்போதாவது ஒன்று அப்படி வரும். அது வரும்போது நீங்கள் பாரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஒரே புயலில் பிறந்தாலும் நீண்ட கால அலைகள் முந்தி வரும், குறுகியவை பிந்தி வரும். கோட்டையிலிருந்து ஒன்றாகப் புறப்பட்ட கடுகதி ரயிலும் சாதாரண ரயிலும் போல. 16 செக்கன் ஸ்வெல்லின் வலு மணிக்குச் சுமார் 45 கிலோமீற்றர் வேகத்தில் நகர்கிறது. 12 செக்கன் என்றால் 34 கிலோமீற்றர்தான். ஆகவே ஒரு ஸ்வெல் வந்து சேரும் முதல் நாளில் அட்டவணையில் காலம் திடீரென்று 9 இலிருந்து 17 க்குத் தாவும், உயரம் அரை மீற்றர்கூட இராது. கடல் அமைதியாகத் தோன்றும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கனத்த அலைகள் நான்கைந்து அடுத்தடுத்து வந்து விழும். புதியவருக்கு மிக ஆபத்தான நாள் இதுதான் என்பது என் எண்ணம். இரண்டாம், மூன்றாம் நாளில் காலம் 13, 12 என்று இறங்கி உயரம் நிலைப்படும்போது போவது நல்லது.

திசை பாகையில் தரப்படும்: தெற்கு 180, மேற்கு 270. அது ஸ்வெல் வருகிற திசை, போகிற திசை அல்ல. சில வரைபடங்களில் அம்புக்குறி போகும் பக்கத்தைக் காட்டும், எண் வரும் பக்கத்தைச் சொல்லும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நமக்கு வருவது பெரும்பாலும் 190 முதல் 220 வரை. ஹிக்கடுவைக் கரை ஏறத்தாழ மேற்குத் தென்மேற்கை நோக்கியிருப்பதால் இந்த ஸ்வெல் பக்கவாட்டில் வந்து, வளைந்துதான் பாரில் ஏறுகிறது. காலம் நீண்டால் வளைவும் நன்றாக இருக்கும். தெற்கை நேரே பார்த்திருக்கும் மிரிஸ்ஸ பக்கத்தில் அதே ஸ்வெல் அதிக வலுவோடு வரும்.

டிசம்பர், ஜனவரியில் தென் அரைக்கோளத்தில் கோடை. அங்கே புயல்கள் தணிந்திருப்பதால் நமக்கு வரும் ஸ்வெல்லும் அடக்கமாக இருக்கும். பழகுகிறவர்களுக்கு வாய்த்த காலம். ஏப்ரலுக்குப் பின் பெருக்கத் தொடங்கும். கேரளக் கரையில் காற்றேயில்லாத நாளில் கடல் ஊருக்குள் ஏறுவதைக் ‘கள்ளக்கடல்’ என்கிறார்களே, அதுவும் இதே தெற்குக் கடல் ஸ்வெல்லின் வேலைதான்.

முந்தின நாள்: காற்று

ஸ்வெல் சரியாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கெடுக்கக் காற்றுக்கு ஒரு மணித்தியாலம் போதும். நிலத்திலிருந்து கடலுக்கு மெல்ல வீசும் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும். அலை சற்றுப் பிந்தி, சுத்தமாக உடையும். கடலிலிருந்து வரும் காற்று முகட்டைப் பின்னாலிருந்து தள்ளி முன்கூட்டியே சிதறடிக்கும். காற்றே இல்லையென்றால் அதுவும் நல்லதே.

எந்தத் திசை நல்லது என்பது கரைக்குக் கரை மாறும். ஹிக்கடுவைக்குக் கிழக்கு, வடகிழக்கு. வெலிகம, மிரிஸ்ஸ பக்கத்துக்கு வடக்கு. வரைபடத்தைத் திறந்து, கரையில் நின்று கடலை நேராகப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதுகில் படும் காற்று உங்களுக்கு வேண்டியது. காற்றின் பெயரும் வருகிற திசையைக் கொண்டதே. வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருகிறது.

வேகத்தில் அலகைக் கவனியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கைகள் மணிக்குக் கிலோமீற்றரில் சொல்லும். பல செயலிகள் நொட் என்ற கடல் அலகில் காட்டும். சில, செக்கனுக்கு மீற்றரில். 1 நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். செக்கனுக்கு 1 மீற்றர் என்பது மணிக்கு 3.6 கிலோமீற்றர். ‘10’ என்ற ஓர் எண் மூன்று அலகிலும் மூன்று கடலைக் குறிக்கும். என் அளவுகோல் இது: கடற்பக்கக் காற்று மணிக்கு 10 கிலோமீற்றருக்குள் இருந்தால் பொறுக்கலாம், 15 ஐத் தாண்டினால் நீரில் அங்கங்கே வெண்ணுரை தெரியும், 20 க்கு மேல் வேறு வேலையைப் பார்க்கலாம். நிலப்பக்கக் காற்றானாலும் 25 ஐத் தாண்டினால் பலகையை அலைக்குள் இறக்குவதே பாடாகிவிடும். வாடை உரத்த நாட்களில் களைத்துப்போனவரை அது கடலுக்குள் தள்ளிக்கொண்டும் போகும்.

இனி, செயலிகள் அடிக்கடி தவறும் இடம். பள்ளிக்கூடத்தில் படித்த நிலக்காற்று, கடற்காற்று நினைவிருக்கும். இரவில் நிலம் குளிர்ந்து விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். சூரியன் ஏறி நிலம் சூடானதும் பத்து, பதினொரு மணியளவில் திரும்பிக் கடலிலிருந்து வரும். வாடைக் காலத்தில் இரண்டும் சேர்வதால் காலையில் நல்ல வடகிழக்குக் காற்று, பிற்பகலில் மேற்கு அல்லது வடமேற்குக் காற்று என்பது வழக்கமான ஒழுங்கு. இந்தத் திருப்பம் கரையோரத்தில் சில கிலோமீற்றர் அகலத்துக்குள் நடப்பது. செயலிகளின் எண்கள் வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளிலிருந்து வருகின்றன. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரியின் முடிவுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் கட்டங்களாக வெளியிடப்படுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரிக்குக் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். 25 கிலோமீற்றர் கட்டம் ஒன்றுக்குள் ஹிக்கடுவைக் கடலும் உள்நாட்டுத் தேயிலைத் தோட்டமும் சேர்ந்து அடங்கிவிடலாம். அப்படிப்பட்ட கணக்கு கடற்காற்று எப்போது கிளம்பும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே விண்டி போன்ற தளத்தில் இரண்டு மாதிரிகளையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒத்துப்போனால் நம்புங்கள். முரண்பட்டால் கரையோரத்துக்கு நுண்ணிய கட்டத்தின் பக்கம் சாயுங்கள். அட்டவணை என்ன சொன்னாலும், வெயில் காயும் நாளில் பதினொரு மணிக்குப் பிறகு காற்று கெட்டுவிடும் என்றே திட்டமிடுங்கள். வேறொரு பொறி நேரத்தில் இருக்கிறது: சில வரைபடங்கள் சர்வதேச நேரத்தில் வரும். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். ‘00’ என்று இருப்பது நமக்குக் காலை 5.30.

செயலியோடு நின்றுவிடாமல் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிக்கையையும் வாசிக்க வேண்டும். அது தமிழிலும் வெளியாகிறது. கொழும்பு ஊடாகக் காலி, மாத்தறை வரையான கடற்பரப்பு என்று பிரித்து, காற்று எவ்வளவு, கடல் கொந்தளிக்குமா என்று சொல்லும். மீனவர்களுக்கும் கடற்பயணிகளுக்கும் எழுதப்பட்டதால் அதில் அலைச்சறுக்குக்கு வேண்டிய நுணுக்கம் இராது. அலை உயரமும் திறந்த கடலுக்கானது. ஆனால் எச்சரிக்கை விடப்பட்டிருந்தால் செயலியின் நட்சத்திரங்களுக்குப் பொருளில்லை. வீட்டிலேயே இருங்கள்.

வற்றுப்பெருக்கு

நமது கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு சிறியது. கொழும்பில் பெரும்பாலும் அரை மீற்றர் சுற்றித்தான். வேறு நாட்டுக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் 1 மீற்றர் அலை ஏறக்குறைய 1.3 மீற்றர் ஆழத்தில் உடையும் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். உடையும் இடத்தில் நெஞ்சளவுத் தண்ணீர். அதில் அரை மீற்றர் போனால் என்ன மிச்சம்? கீழே இருப்பது மணலல்ல, கூர்மையான முருகைக்கல். மணற்கரையில் கவனிக்காமல் விடலாம், பாரில் விடமுடியாது.

அட்டவணையில் வற்று 0.1, பெருக்கு 0.6 என்பதுபோல இருக்கும். அது ஒரு நிலையான மட்டத்திலிருந்து எடுத்த அளவு. பாரின் மேலுள்ள ஆழமல்ல. புதியவர் தேட வேண்டியது, வற்று முடிந்து நீர் ஏறத் தொடங்கிய இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் வரும் நேரம். நீர் மிக நிறைந்துவிட்டால் சிறிய அலை பாரை உணராமலே கடந்துபோய்விடும், அதுவும் வீண். ஒரு நாள் கண்ட நேரம் மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றத்தாழ்வு கூடும். போயா விடுமுறைக்குக் கிளம்புகிறவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அன்று வற்று மற்ற நாட்களைவிட ஆழமாக இறங்கும், கூட்டமும் கூடும்.

ஓர் அட்டவணையை வாசிப்போம்

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை என்று கற்பனை செய்துகொள்வோம். முதன்மை ஸ்வெல் 1.1 மீற்றர், 14 செக்கன், 205 பாகை. இரண்டாவதாக 0.4 மீற்றர், 6 செக்கன், மேற்கிலிருந்து. காற்று காலை ஆறு மணிக்கு வடகிழக்கிலிருந்து 8 கிலோமீற்றர், ஒன்பதுக்கு வடக்கிலிருந்து 6, நண்பகலில் மேற்கிலிருந்து 16, மூன்று மணிக்கு 22. வற்று காலை 5.40 க்கு, பெருக்கு 11.50 க்கு.

காலம் 14; நல்ல ஸ்வெல். முந்தின நாட்களின் வரிசையைப் பார்க்கிறோம்: வியாழன் 17, வெள்ளி 15. ஆக ஸ்வெல் வந்து தணிந்துகொண்டிருக்கிறது, முதல் நாள் அபாயம் கழிந்துவிட்டது. உயரம் 1.1 என்றாலும் உடையும்போது ஆள் உயரத்தை எட்டலாம் என்று மனதில் வைக்கிறோம். இரண்டாவது அலை சிறியது, மேற்பரப்பை இலேசாகச் சுருக்குவதோடு நின்றுவிடும். சூரியன் உதிப்பது ஆறரைக்குச் சற்று முன். அப்போது காற்று அருமை, ஆனால் நீர் வற்றிக் கிடக்கிறது. ஏழரைக்குப் பின் பாரின் மேல் தண்ணீர் சேரும். காற்று பத்து, பத்தரை வரை தாங்கும். எனவே ஏழே முக்காலிலிருந்து பத்து மணி வரை.

இனித்தான் கொழும்புக்காரரின் சிக்கல். காலை ரயிலில் போய் ஒன்பதே காலுக்கு ஹிக்கடுவையில் இறங்கி, பலகைக்கு வாடகை பேசி, உடை மாற்றி நீரில் கால் வைக்கும்போது கடற்காற்று வந்து வரவேற்கும். இந்த அட்டவணைக்கு வெள்ளி இரவே போய்த் தங்குவதுதான் விடை. அது முடியாதென்றால் அன்று பாரை விட்டுவிட்டு நாரிகமவில் நுரையலையில் பழகலாம். வற்று காலை எட்டரைக்கு வரும் வேறொரு சனிக்கிழமை என்றால், ஸ்வெல்லும் காற்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாருக்குரிய நேரம் பத்தரை மணிக்குத் தள்ளிப்போய்க் கடற்காற்றோடு மோதிக்கொள்ளும். அத்தகைய நாளுக்கும் செயலி நான்கு நட்சத்திரம் கொடுக்கக் கூடும். நட்சத்திரம் போடும் கணக்குக்கு உங்களையும் தெரியாது, அந்தப் பாரின் ஆழமும் தெரியாது.

வெள்ளவத்தைக் கரையில் கண்ணைப் பழக்குதல்

எண்களைக் கடலோடு பொருத்திப் பார்க்கக் கொழும்பு நல்ல இடம். வெள்ளவத்தை ரயில் நிலைய மேடையில் நின்றாலே கடல் முன்னால். மரைன் டிரைவ் வழியே மாலை நடை போகிறவர் செயலியைக் கையில் வைத்துக்கொண்டு கடலில் தெரியும் ஒரு பாறையைக் குறிவைக்கட்டும். ஒரு முகடு அதைக் கடக்கும்போது கடிகாரத்தைத் தொடங்கி, அதற்குப் பின் பத்தாவது முகடு கடக்கும்போது நிறுத்தி, பத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும். செயலி சொன்னதோடு ஒப்பிடுங்கள். சில மாலைகளில் கண் பழகிவிடும். 8 செக்கன் கடலும் 14 செக்கன் கடலும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடும்.

காற்றுக்குக் காலி முகத்திடல். அங்கே பட்டங்கள் நகரின் பக்கம் சாய்ந்து பறந்தால் கடற்காற்று. கடலின் பக்கம் சாய்ந்தால் வாடை இன்னும் தளரவில்லை.

இந்தக் கரை பார்ப்பதற்கு, இறங்குவதற்கல்ல. ரயில் பாதையைக் காக்கக் கொட்டிய பாறைகள் நீளத்துக்குக் கிடக்கின்றன. வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்கள் கடலில் சேரும் இடங்களில் மழைக்குப் பின் நகரத்தின் அழுக்கெல்லாம் மிதக்கும். கொழும்புக்குள்ளேயே நனைய வேண்டுமென்றால் கல்கிசை மணற்கரை இருக்கிறது. அலை சிறியது, புதியவருக்கு அது குறையல்ல.

பாரின் முன்னால்

போய்ச் சேர்ந்ததும் உடனே இறங்க வேண்டாம். இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். குறைந்தது இரண்டு கூட்டத்தையாவது காணாமல் அன்றைய கடலின் அளவு தெரியாது. அலை எழுமுன் நீரை உறிஞ்சும்போது பாறை வெளியே தெரிகிறதா? தெரிந்தால் அது உங்களுக்கான நேரமல்ல. மற்றவர்கள் எந்தப் பக்கமாக வெளியே போகிறார்கள், எங்கே கரையேறுகிறார்கள் என்று பாருங்கள். அலை உடையாமல் நீர் கறுத்துத் தெரியும் வாய்க்கால் ஒன்று இருக்கும், வழி அதுதான். கரையிலுள்ள படகுக்காரரிடமோ பலகை வாடகைக்குத் தருபவரிடமோ சிங்களத்தில் இரண்டு வார்த்தை கேட்டால், செயலி சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். காற்று இன்றைக்கு எத்தனை மணிக்குத் திரும்பும் என்ற கேள்விக்கு அவர்களை மிஞ்சிய மாதிரி இன்னும் வரவில்லை.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது இங்கே அப்படியே பொருந்தும். விழும்போது தட்டையாக, முதுகோ பக்கமோ நீரில் படும்படி விழ வேண்டும். தலைகீழாகப் பாய்வது ஒருபோதும் கூடாது. மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள், பலகை மேலே காத்திருக்கலாம். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு அறுந்த நிலையில் இருந்தால் வாங்கவே வேண்டாம். இறப்பர்க் காலணி அணியுங்கள். பாறையிடுக்கில் கறுத்த முட்களோடு இருக்கும் உயிரிகள் பாதத்தில் ஏறினால் அன்றைய நாள் முடிந்தது. அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. குறுக்கே புகுந்தால் சண்டையும் வரும், காயமும் வரும்.

காலணி இருக்கிறதென்று முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்கவும் கூடாது. ஹிக்கடுவைக் கடலின் ஒரு பகுதி 2002 முதல் தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கல்லை உடைப்பது சட்டப்படி குற்றம். ஒரு விரல் அளவு வளர அதற்கு ஆண்டுகள் ஆகும்.

சிராய்ப்பு நிச்சயம் வரும். முருகைக்கல் வெட்டிய காயத்தில் நுண்ணிய துகள்கள் தங்கிவிடும். சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும், சும்மா துடைத்துவிட்டு உப்புத் தண்ணீர் ஆற்றும் என்று இருக்கக்கூடாது. ஏற்புத் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு என்று பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய அடி என்றால் 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸ் வரும், கட்டணமில்லை.

கடல் என்றாலே நம் வீடுகளில் முகம் மாறும். 2004 க்குப் பிறகு அதில் நியாயமும் உண்டு. எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறி அழைப்பீர்கள் என்று அம்மாவிடமோ அக்காவிடமோ சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரத்துக்கு அழையுங்கள். தனியாக இறங்காதீர்கள்.

திரும்பும் ரயிலில் செய்ய ஒரு வேலை உண்டு. சிறிய குறிப்பேட்டில் அன்றைய ஸ்வெல்லின் மூன்று எண்கள், காற்று, வற்றுப்பெருக்கு நேரம், நீங்கள் கண்ட அலை, கடற்காற்று உண்மையில் கிளம்பிய நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த முறை அதே 13 செக்கன், 200 பாகை என்று அட்டவணை காட்டும்போது, அந்தப் பார் அதற்கு என்ன செய்யும் என்பதைச் செயலியிடம் கேட்க வேண்டியிராது. பக்கத்தைப் புரட்டினால் போதும்.